குறி தப்பாத எழுநூறு பேரும், பேர் இல்லாத ஒரு பெண்ணும்

நியாயாதிபதிகள் 20:16. வாலிபர் கூட்டம், கன்வென்ஷன் என்று போய்ப் பழக்கப்பட்டவங்களுக்கு இந்த வசனம் அத்துப்படியா இருக்கும். பென்யமீன் கோத்திரத்துல பொறுக்கி எடுத்த எழுநூறு பேர். அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள். கவண்ல கல்லை வச்சு எறிஞ்சா ஒரு தலைமுடியைக்கூடக் குறி வச்சு அடிப்பாங்க, தப்பாது. வசனம் சொல்றது அவ்வளவுதான்.

அதை வச்சு நம்ம ஊழியக்காரர்கள் கட்டுற கோட்டை இருக்கே, அப்பப்பா! மூணு பாயிண்ட், நடுவுல ஒரு சாட்சி, கடைசியில ஒரு பாட்டு. பாயிண்ட் ஒன்று: இடது கை என்பது பலவீனம், தேவன் உன் பலவீனத்தைப் பலமாக்குவார். பாயிண்ட் ரெண்டு: நீயும் உன் துறையில குறி தப்பாத வீரனா ஆகணும். பாயிண்ட் மூணு: கர்த்தருக்குக் கூட்டம் வேண்டாம், தேர்ச்சி பெற்ற எழுநூறு பேர் போதும். அல்லேலூயா. காணிக்கைப் பை வரும்.

இந்தச் செய்தியை நான் வேற வேற வாய்களால் நாலஞ்சு தடவை கேட்டாச்சு. அந்த எழுநூறு பேர் யாரைக் காப்பாத்தக் கல் எறிஞ்சாங்கன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

டிஸ்கி: இது விசுவாசத்தைக் கிண்டல் பண்ற பதிவு இல்லை. நானும் ஞாயித்துக்கிழமை கக்கத்துல பைபிளை இடுக்கிட்டுப் போற ஆள்தான். போறதாலதான் கோபம்.

முந்தின பக்கத்தைத் திருப்புங்க சாமி

20-ம் அதிகாரத்துக்கு முன்னாடி 19-ம் அதிகாரம்னு ஒண்ணு இருக்கு. (இளகிய மனசுக்காரங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். ஆனா பிரசங்கம் பண்றவங்க தாண்டக் கூடாது.)

எப்பிராயீம் மலைநாட்டுல குடியிருந்த ஒரு லேவியன். அவனுக்கு ஒரு மறுமனையாட்டி, பெத்லகேம்காரி. அவனை விட்டுட்டு அப்பா வீட்டுக்குப் போயிடுறா. நாலு மாசம் கழிச்சு அவன் போய் அழைச்சிட்டு வர்றான். மாமனார் வீட்டு விருந்துல நாள் கடந்து, சாயங்காலம் ஆன பிறகு கிளம்பறாங்க. வழியில எபூசு, அதாவது பிற்கால எருசலேம். "அது அந்நியர் ஊர், வேண்டாம்"னு தாண்டிப் போய், நம்ம ஜனங்க ஊர்னு நம்பி பென்யமீனுக்குச் சொந்தமான கிபியாவுல தங்கறாங்க. ஊர்க்காரன் ஒருத்தனும் வீட்டுக்குள்ள சேர்க்கலை. பிழைக்க வந்த ஒரு எப்பிராயீம் கிழவர்தான் இடம் குடுக்கறார்.

ராத்திரி ஊர்ப் பொறுக்கிகள் வீட்டைச் சுத்திக்கிட்டு, வந்திருக்கிற ஆம்பளையை வெளியே அனுப்புன்னு கதவைத் தட்டறாங்க. கிழவர் என்ன சொல்றார்? கல்யாணம் ஆகாத என் மகளையும் இவன் மறுமனையாட்டியையும் எடுத்துக்கோங்க, விருந்தாளியை விட்டுடுங்கன்னு. கடைசியில லேவியனே அந்தப் பெண்ணைப் பிடிச்சு வெளியில தள்ளி விடறான். விடிய விடிய நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. வெளுக்கிற நேரத்துல வந்து வாசல்ல விழறா, கைகள் ரெண்டும் நிலைப்படி மேல. காலையில கதவைத் திறந்தவன், எழுந்திரு போகலாம்னு சொல்றான். பதில் இல்லை.

எபிரெய மூலத்துல அவ செத்துட்டான்னு அந்த இடத்துல சொல்லலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புதான் அதைச் சேர்த்துச் சொல்லுது. எப்ப செத்தான்னுகூட நிச்சயமாச் சொல்லப்படாத ஒரு பெண். அவளைக் கழுதை மேல போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேல் முழுக்க அனுப்பறான். இத்தனைக்கும் அவளுக்குப் பேர் கிடையாது. கதை முழுக்க அவ ஒரு வார்த்தை பேசினதாகவும் எழுதலை. 1984-ல் ஃபில்லிஸ் ட்ரிபிள் என்ற வேதாகம அறிஞர், பைபிளில் பெண்கள் மேல நடந்த கொடுமைகளை வச்சு ஒரு புத்தகமே எழுதினார். அதுல வர்ற நாலு பெண்கள்ல ஒருத்தி இவ.

இதுதான் எழுநூறு வீரர்களுக்கு முன்கதை.

20:16 எதுக்குப் பதில்?

எல்லாக் கோத்திரமும் மிஸ்பாவுல கூடறாங்க. (அங்கே லேவியன் குடுக்கற வாக்குமூலத்தையும் கவனிங்க. அவளைத் தள்ளி விட்டது தானேங்கிறதை அழகா முழுங்கிடறான்.) பென்யமீனுக்கு ஆள் அனுப்பறாங்க. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அந்தக் குற்றவாளிகளை ஒப்படைங்க. 13-ம் வசனத்துல பென்யமீன் மறுக்குது. 14-ல் பட்டணங்கள்ல இருந்து கிபியாவுக்கு ஆள் திரட்டுது. 15-ல் கணக்கு: வாள் எடுக்கிறவங்க 26,000, அது போக கிபியா ஊர்க்காரங்க 700. 16-ல் நம்ம இடதுகைக்காரங்க. 17-ல் எதிர்த்தரப்பு: 4,00,000 பேர்.

இப்போ வரிசையா வாசிச்சுப் பாருங்க. 26,700 பேரை வச்சுக்கிட்டு நாலு லட்சம் பேரை எதிர்த்து, நாலு பொறுக்கிகளை ஒப்படைக்க மாட்டேன்னு சொல்ற தைரியம் ஒரு கோத்திரத்துக்கு எங்கேர்ந்து வரும்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் 16-ம் வசனம்னு நான் வாசிக்கிறேன். எங்ககிட்ட யார் இருக்காங்க தெரியுமில்ல? தலைமுடியை அடிக்கிறவன் இருக்கான். எங்களை எவன் கேக்கறது?

திறமை அங்கே குற்றத்துக்குக் கேடயமா நிக்குது. அதைத்தான் நம்மாளுங்க வாலிபர் முகாம் பேனர்ல போடறாங்க.

இன்னொரு சமாசாரம். எபிரெயத்துல 15-ல் கிபியா ஊர்க்காரர் எழுநூறு, 16-ல் இடதுகைக்காரர் எழுநூறு, ரெண்டு இடத்துலயும் அதே எண். கிரேக்க மொழிபெயர்ப்பும் ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பும் ரெண்டையும் ஒரே எழுநூறாத்தான் எடுத்துக்குது. அந்த வாசிப்புப்படி பார்த்தா இந்தக் குறி தப்பாத வீரர்கள் கிபியாக்காரங்கதான். அந்த ராத்திரி கதவைத் திறக்காம உள்ளே படுத்திருந்த ஊர். எது மூல வாசகம்னு அறிஞர்கள் வாதாடட்டும். எப்படிப் பார்த்தாலும் அவங்க நின்ன பக்கம் மாறப் போறதில்லை.

"இடது கை பலவீனம்" என்கிற ஜல்லி

நம்ம ஊர்ல இடது கையால காசு குடுத்தா மூஞ்சி சுருங்கும். சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு சின்ன வயசுலயே பிரிச்சு வச்சுடறோம். அதனால இடதுகைன்னு சொன்னதும் சபையில "ஐயோ பாவம்" வந்துடுது. பிரசங்கியாருக்கு வேலை சுலபம்.

ஆனா மூலத்துல இருக்கிற சொற்றொடர் "இட்டேர் யத்-யெமீனோ". நேர்ப் பொருள், வலது கை கட்டப்பட்டவன் அல்லது அடைக்கப்பட்டவன். மொத்த எபிரெய பைபிள்லயும் இது ரெண்டே இடத்துலதான் வருது: இங்கே ஒண்ணு, 3:15-ல் ஏகூதுக்கு ஒண்ணு. அவனும் பென்யமீன்காரன். எபிரெயத்துல குருடன், ஊமை, முடவன் ஆகிய சொற்களுக்கு இருக்கிற அதே அச்சுலதான் இந்த "இட்டேர்" வார்ப்பாகி இருக்கு, அதனால குறைபாடுன்னு சொல்றவங்க உண்டு. ஒத்துக்கறேன். ஆனா கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ரெண்டு இடத்துலயும் இரு கையும் வலக்கை போல உள்ளவர்கள்னு போட்டாங்க. லத்தீனும் இங்கே, வலக்கை மாதிரியே இடக்கையாலும் சண்டை போடறவங்கன்னு சொல்லுது. சின்ன வயசுலயே வலது கையைக் கட்டிப் போட்டு இடது கைக்குப் பயிற்சி குடுத்திருப்பாங்கன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க.

சாதாரணக் கணக்கும் ஒண்ணு போட்டுப் பார்ப்போம். மனுசங்கள்ல சுமார் பத்துல ஒருத்தர் இடதுகைக்காரர். 26,700 பேர்ல இயற்கையாவே 2,600 பேருக்கு மேல இருக்கணும். அதுல எழுநூறு பேரைப் பொறுக்கி எடுத்தா அதுல என்ன அற்புதம்? வசனமே "தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்"னுதான் சொல்லுது.

கவண்ங்கிறதும் சின்னப் பசங்க மாங்கா அடிக்கிற உண்டிவில் இல்லை. ரெண்டு கயிறு, நடுவுல தோல் பட்டை. கல்லை வச்சுச் சுழட்டி, சரியான நொடியில ஒரு கயிறை விடணும். நொடி பிசகினா கல் நம்மாள் மண்டையில விழும். வருசக்கணக்காப் பழகினாத்தான் வரும். கி.மு. 701-ல் அசீரியர்கள் லாகீசைப் பிடிச்ச போரைச் செதுக்கின கற்பலகைகள் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அதுல வில்லாளிகளுக்குப் பின்னாடி கவண்காரங்க வரிசையா நிக்கறாங்க. அந்தக் காலத்துப் பீரங்கிப் படைன்னு வச்சுக்கோங்களேன். ஆக, பலவீனத்தை ஒருத்தரும் பலமாக்கலை. பலமாவே இருந்ததை எடுத்துட்டு வந்து தப்பான பக்கம் நிறுத்தினாங்க.

ஒரே வினைச்சொல்

பாவம்னா என்னன்னு பிரசங்கத்துல விளக்கறப்போ, "குறி தவறுதல்"னு சொல்வாங்க, கேட்டிருப்பீங்க. எபிரெயத்துல பாவத்துக்கான சொல் "ஹட்டாத்". அதே வேரிலிருந்து வர்ற வினைச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்கிற பொருளும் உண்டு. அதுக்கு ஆதாரமாக் காட்டற வசனம் எது தெரியுமா? இதே 20:16. கல் குறி தப்பாதுன்னு சொல்ற இடத்துல இருக்கறது அந்த வினைச்சொல்தான்.

யோசிச்சுப் பாருங்க. கல்லால எதையும் தப்ப விடாதவங்க, ஊரே சேர்ந்து மூடி மறைச்ச ஒரு கொடுமையில மொத்தமாக் குறி தவறி நிக்கறாங்க. இதைவிடக் கசப்பான ஒரு வரியை எழுத முடியுமா? இத்தனையும் அந்த வசனத்துக்குள்ளயே இருக்கு. அதை விட்டுட்டு "உன் துறையில் உச்சம் தொடு"ன்னு செய்தி குடுக்கறது, சாவு வீட்டுல வாழைமரம் நல்லா இருக்குன்னு பாராட்டற மாதிரி.

இன்னும் ஒரு வேடிக்கை. போர் நடக்குது. முதல் நாள் இஸ்ரவேலர் 22,000 பேர் சாவு. ரெண்டாம் நாள் 18,000. மூணாம் நாள் பதுங்கிப் படை, ஊர்ல இருந்து புகை, பென்யமீன் காலி. 25,000-க்கு மேல செத்து, 600 பேர் ரிம்மோன் கன்மலைக்கு ஓடி நாலு மாசம் ஒளிஞ்சிருக்காங்க. இத்தனை விவரம் சொல்ற கதையில அந்த எழுநூறு பேர் 16-ம் வசனத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட வரலை. ஒரு கல் பறந்ததா வரி கிடையாது. அறிமுகத்தோட சரி.

அதோட முடிஞ்சுதா? தப்பிச்ச 600 பேருக்குப் பொண்ணு வேணுமே. குடுக்க மாட்டோம்னு மத்த கோத்திரங்கள் சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டாங்க. அதனால யாபேஸ் கீலேயாத் ஊரை வெட்டிச் சாய்ச்சு 400 கன்னிப் பெண்கள். பத்தலை. சீலோவுல திருவிழாவுக்கு ஆட வந்த பெண்களைத் திராட்சைத் தோட்டத்துல ஒளிஞ்சிருந்து தூக்கிட்டுப் போக அனுமதி, மீதிக் கணக்கு 200. ஒருத்திக்கு நியாயம் கேக்கக் கிளம்பினவங்க அறுநூறு பேரைச் சீரழிச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க. ராஜா இல்லாத காலம், அவனவன் தனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சான்னு புஸ்தகம் முடிஞ்சு போகுது. இதுல ஹீரோ யாரும் இல்லைன்னு எழுதினவரே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

பைபிளே பின்னாடி இதை எப்படி ஞாபகம் வச்சிருக்கு? ஓசியா தீர்க்கதரிசி ரெண்டு தடவை, 9:9-லும் 10:9-லும் கிபியாவின் நாட்களைப் பேசறார். ரெண்டு தடவையும் பாவத்துக்கு அளவுகோலா. கவண் வீரத்தை அவர் சீந்தக்கூட இல்லை.

இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?

"ஒரு வசனத்தை எடுத்து நாலு பசங்களுக்கு உற்சாகம் குடுத்தா உனக்கு என்னய்யா நஷ்டம்?" நியாயமான கேள்விதான். பயிற்சி வேணும், உழைப்பு வேணும், மறுக்கலை. ஆனா அந்தக் கூட்டத்துல பின் வரிசையில, நடந்ததை வெளியே சொல்ல முடியாம உக்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணு இருக்கலாம். அவ வீட்டுக்குப் போய் முன்னாடி பின்னாடி நாலு வசனம் படிச்சா அவளுக்கு என்ன புரியும்? எனக்கு நடந்தது இந்தப் புஸ்தகத்துல இருக்கு, ஆனா மேடையில இருந்தவருக்கு அது கண்ணுல படலை, அவருக்குப் பட்டது அந்த ஆம்பளைங்களோட திறமை மட்டும்தான்னு புரியும்.

இது கற்பனை பயம் இல்லைங்க. 1946-ல் சென்னையில பிறந்து உலகம் பூரா பேர் வாங்கின ரவி சகரியாஸை எடுத்துக்கோங்க. வாதத்துல அவரை மாதிரி குறி தப்பாத ஆள் இல்லைன்னு நம்ம சபைகள்ல எத்தனை பேர் தலையில தூக்கி வச்சிருந்தாங்க! 2017-ல் ஒரு பெண் புகார் சொன்னப்போ, அந்தப் பெண் மேலயும் அவங்க கணவர் மேலயும் சகரியாஸ் வழக்குப் போட்டார். அவர் நிறுவனம் அவர் பக்கம் நின்னுச்சு. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பிப்ரவரியில், அந்த நிறுவனமே நியமிச்ச சட்ட நிறுவனத்தோட அறிக்கை வந்துச்சு. மசாஜ் செய்யற பெண்கள்கிட்ட பல வருசமா அவர் பாலியல் அத்துமீறல்ல ஈடுபட்டிருக்கார்னு அது சொல்லுச்சு. அந்தத் தம்பதியை நம்பாமப் போனது தப்புன்னு நிர்வாகக் குழு அப்புறம் எழுத்துல ஒத்துக்கிட்டாங்க.

நாலு வருசம். அந்த நாலு வருசமும் அவரைக் காப்பாத்தினது எது? "இவ்வளவு திறமையான ஊழியக்காரர் அப்படிச் செய்வாரா?" அவ்வளவுதான். 13-ம் வசனத்துக்கும் 16-ம் வசனத்துக்கும் இருக்கிற உறவை இதைவிடத் தெளிவா யார் விளக்க முடியும்?

இடதுகைச் செய்திதான் வேணுமா? இந்தாங்க

1 நாளாகமம் 12-க்குப் போங்க. தாவீது சவுலுக்குப் பயந்து சிக்லாகுல ஒதுங்கியிருக்கான். அங்கே அவன்கிட்ட வந்து சேர்ற வீரர்களைப் பத்திச் சொல்றப்போ, வலது இடது ரெண்டு கையாலும் கவண்கல்லும் அம்பும் எறியத் தெரிஞ்சவங்கன்னு வருது. எந்தக் கோத்திரம்? பென்யமீன். அதுவும் சவுலோட சொந்தக்காரங்க. அவங்கள்ல தலைவர்களா நிக்கிற ரெண்டு பேரோட அப்பா எந்த ஊர்? கிபியா!

அதே கோத்திரம், அதே ஊர், அதே கவண். ஒரு கூட்டம், நம்மாளு தப்பு பண்ணினா என்ன, நம்மாளுதானேன்னு நின்னுச்சு. இன்னொரு கூட்டம், ராஜாவே சொந்தக்காரனா இருந்தும், அவன் அநியாயமா விரட்டுற ஆள் பக்கம் வந்து நின்னுச்சு. கை ஒண்ணுதான். நின்ன இடம்தான் வேற.

வாலிபர்களுக்குச் சொல்லணும்னா இதைச் சொல்லுங்க. எவ்வளவு துல்லியமா எறியறேன்னு கேக்கறதுக்கு முன்னாடி, யாருக்காக எறியறேன்னு கேக்கச் சொல்லிக் குடுங்க. 20:16-தான் வேணும்னா, 19-ல் இருந்து 21 வரைக்கும் மூணு அதிகாரத்தையும் மைக் முன்னாடி சத்தமா வாசிச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. வாசிச்சு முடிச்ச பிறகும் "நீயும் அந்த எழுநூறு பேரில் ஒருவனாக மாறு"ன்னு சொல்ல வாய் வருதான்னு பார்ப்போம்.